மாரியோ கார்ட்: எட்டு ஓட்டுநர்களும் ஒரு பச்சைக் குழாயும்



வரலாறு என்றதும் மன்னர்களும் போர்களும் கல்வெட்டுகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. பிள்ளைகளின் விளையாட்டுக்கும் வரலாறு உண்டு என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. இன்று நம் மாணவர்கள் வீட்டிற்குச் சென்றதும் கைப்பேசியில் திறக்கும் பல விளையாட்டுகளுக்குப் பின்னால் நூறாண்டுக்கும் மேற்பட்ட ஒரு வணிக வரலாறு நிற்கிறது. அவ்வரலாற்றை அறிந்தவர்களுக்குப் பிள்ளையிடம் என்ன பேசுவது என்பது தெளிவாகும். அறியாதவர்களுக்குக் கைப்பேசியைப் பிடுங்கி அலமாரியில் பூட்டி வைப்பதைத் தவிர வேறு வழி தோன்றாது.

இப்பதிவில் நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு விளையாட்டு. ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 2019ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள் கைப்பேசிகளுக்காக வெளியிட்ட 'மாரியோ கார்ட் டூர்' என்பதே அது. இதனை எவரும் இலவசமாகப் பதிவிறக்கிக் கொள்ளலாம். வெளியான முதல் மாதத்திலேயே உலகெங்கும் 12 கோடி முறைக்கு மேல் அது பதிவிறக்கப்பட்டதாகச் சந்தை ஆய்வு நிறுவனம் ஒன்று கணித்தது. இலவசம் என்று கொடுக்கப்பட்ட விளையாட்டில் வருமானம் எங்கிருந்து வந்தது? அந்த வழியை முதலில் கண்டவர்கள் யார்? பின்னர் அது எப்படி மூடப்பட்டது? இம்மூன்று வினாக்களுக்கும் விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

விளையாட்டின் அமைப்பு

மாரியோ கார்ட் என்பது சிறு வண்டிகளின் பந்தயம். முறுக்கு மீசை வைத்த குழாய்த் தொழிலாளி மாரியோ, அவன் தம்பி லூயிஜி, இளவரசி பீச், பச்சை டைனசோர் யோஷி முதலிய பாத்திரங்கள் வண்டியோட்டுகின்றனர். வழியில் வாழைப்பழத் தோலைப் போடலாம்; ஆமை ஓட்டை எறிந்து முன்னே செல்பவரைக் கவிழ்க்கலாம். பார்ப்பதற்குச் சிரிப்பூட்டும் ஆட்டம். அடிதடி, குருதி எதுவும் இல்லை. ஆகவே, பெற்றோர் அஞ்சாமல் பிள்ளைகள் கையில் கொடுத்தனர்.

கைப்பேசி விளையாட்டில் இரண்டு வாரங்களுக்கு ஒரு முறை 'டூர்' எனப்படும் புதிய சுற்று தொடங்கியது. முதல் சுற்று நியூயார்க் நகரம், அடுத்தது தோக்கியோ. ஒவ்வொரு சுற்றுக்கும் புதுப்புது ஓட்டுநர்கள் வந்தனர். நியூயார்க் சுற்றில் இசைக்கலைஞர் உடையில் ஒரு மாரியோ. தோக்கியோ சுற்றில் ஜப்பானியத் திருவிழா மேலங்கியில் இன்னொரு மாரியோ. உடை மாறினால் அவர் வேறோர் ஓட்டுநராகவே கணக்கிடப்பட்டார்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஓட்டுநர்கள், வண்டிகள், பறப்பதற்கான சிறகுகள் ஆகிய மூன்றும் சேர்க்க வேண்டிய பொருள்களாக இருந்தன. அவை ஒவ்வொன்றும் சாதாரணம், சிறப்பு, மிக உயர்வு என மூன்று தரங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு பந்தயப் பாதைக்கும் ஏற்ற ஓட்டுநர்கள் சிலர் இருந்தனர். அப்பாதையில் அவர்களை வைத்து ஓட்டினால் ஒரே நேரத்தில் மூன்று கருவிகள் கிடைக்கும். பொருந்தாத ஓட்டுநருக்கு ஒன்றுதான். ஆகவே, புதிய ஓட்டுநர் வெறும் அழகுக்காக மட்டும் அல்லர். அவர் இல்லாவிட்டால் புள்ளிப் பட்டியலில் பின்தங்க நேரும்.

அந்த ஓட்டுநரைப் பெறுவது எப்படி? திரையில் ஒரு பச்சைக் குழாய் தோன்றும். 5 மாணிக்கக் கற்களைக் கொடுத்தால் குழாய் ஒரு முறை வெடித்து ஏதேனும் ஒன்றை வெளியே தள்ளும். 45 கற்களைக் கொடுத்தால் பத்து முறை வெடிக்கும். என்ன வரும் என்பது முன்கூட்டித் தெரியாது. மாணிக்கக் கற்கள் விளையாடும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைக்கும். பொறுமை இல்லாதவர் உண்மைப் பணம் கொடுத்து வாங்கலாம். பணம் கல்லாகி, கல் வெடிப்பாகி, வெடிப்பு ஓட்டுநராகும்போது, உண்மையில் எத்தனை வெள்ளி செலவாயிற்று என்பது பெரியவருக்கே மறந்துபோகும். பத்து வயதுப் பிள்ளைக்கு எப்படி நினைவிருக்கும்?

சீட்டு விற்ற நிறுவனம்

நிண்டெண்டோ கணினி நிறுவனமாகப் பிறக்கவில்லை. 1889ஆம் ஆண்டு கியோத்தோ நகரில் புசாஜிரோ யமாவுச்சி என்பவர் தொடங்கிய சீட்டுக் கடையே அதன் தோற்றம். அங்கே 'ஹனாபுடா' எனப்படும் மலர்ச் சீட்டுகள் கையால் செய்து விற்கப்பட்டன. ஆண்டின் 12 மாதங்களுக்கும் ஒவ்வொரு மலரோ செடியோ உண்டு. ஒவ்வொன்றுக்கும் 4 சீட்டுகள். ஆக மொத்தம் 48.

இச்சீட்டுக்கு எண்கள் ஏன் இல்லை என்பது சுவையான செய்தி. 1511இல் நம் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துக்கீசியர்தாம் 1543இல் ஜப்பானியக் கரையையும் அடைந்தனர். அவர்கள் வழியாகவே மேலைநாட்டுச் சீட்டு ஜப்பானுக்குள் நுழைந்தது. சீட்டுக்கு ஜப்பானிய மொழியில் வழங்கும் சொல்லே போர்த்துக்கீசியச் சொல்லின் திரிபுதான். சூதாட்டம் பெருகுவதைக் கண்ட ஆட்சியாளர்கள் சீட்டுக்குத் தடை விதித்தனர். தடை வந்தபோதெல்லாம் சீட்டின் முகம் மாறியது. எண்ணைத் தடுத்தால் படம் வந்தது. ஒரு படத்தைத் தடுத்தால் வேறொரு படம் வந்தது. எண்ணே இல்லாத மலர்ச் சீட்டு அவ்வாறு உருவாகிய ஒன்று.

இச்செய்தியை வாசகர்கள் நினைவில் இருத்த வேண்டுகிறேன். தடை ஒரு முகத்தைத்தான் தடுக்கும். ஆசை வேறொரு முகத்தைத் தேடிக்கொள்ளும். இக்கட்டுரையின் பிற்பகுதியில் இதே நிகழ்வை மீண்டும் காண்போம்.

1992: எட்டுப் பேரும் வெளியே

நிண்டெண்டோ மெல்ல மெல்லப் பொம்மைகளுக்கும், பின்னர் மின்விளையாட்டுகளுக்கும் மாறியது. 1983இல் வீட்டுத் தொலைக்காட்சியில் பொருத்தி விளையாடும் கருவியை ஜப்பானில் வெளியிட்டது. 1985இல் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' வந்தது. முதல் கார்ட் பந்தய விளையாட்டான 'சூப்பர் மாரியோ கார்ட்' 1992ஆம் ஆண்டு ஆகஸ்டு 27ஆம் நாள் ஜப்பானில் வெளியாகியது. தடாஷி சுகியாமா, ஹிதேக்கி கொன்னோ ஆகிய இருவரும் இயக்க, மாரியோவைப் படைத்த ஷிகெரு மியாமோத்தோ தயாரித்தார். நிறுவனம் அதற்கு முன் வெளியிட்ட 'எஃப் ஸீரோ' என்ற பந்தய விளையாட்டை ஒருவர் மட்டுமே ஆட முடியும். இருவர் ஒரே திரையில் அருகருகே அமர்ந்து ஓட்டும் பந்தயம் ஒன்றைச் செய்ய வேண்டும் என்ற எண்ணத்திலிருந்து மாரியோ கார்ட் பிறந்தது.

அவ்விளையாட்டில் இருந்த ஓட்டுநர்கள் எட்டுப் பேர்: மாரியோ, லூயிஜி, பீச், யோஷி, பவுசர், டாங்கி காங் ஜூனியர், டோட், கூப்பா. விளையாட்டை வாங்கி, கருவியில் பொருத்தி, பொத்தானை அழுத்திய அந்த நொடியிலேயே எட்டுப் பேரும் கண்முன் நின்றனர். விரும்பியவரைத் தேர்ந்தெடுக்கலாம். ஒருவர் வேகமாகச் செல்வார். ஒருவர் வளைவில் நன்றாகத் திரும்புவார். எவரைத் தேர்வது என்பது பிள்ளையின் சிந்தனைக்கு விடப்பட்டது. விலை கடையில் ஒட்டப்பட்டிருந்தது. அப்பா கொடுப்பதா வேண்டாமா என்பதைக் கடையிலேயே முடிவு செய்தார். அதற்குப் பிறகு எவரும் பணம் கேட்கவில்லை.

1992இல் பெட்டியைத் திறந்தவுடன் வெளியே நின்ற ஓட்டுநர்கள், 2019இல் குழாய்க்குள் போய் ஒளிந்துகொண்டனர். இடையில் நடந்தது என்ன என்பதை அறிய, மிட்டாய்க் கடைக்குச் செல்ல வேண்டும்.

மிட்டாய்க்குள் படம், உருண்டைக்குள் பொம்மை

பொருளை விற்பதற்காக அதனுள் ஒரு படத்தை ஒளித்து வைக்கும் உத்தி பழையது. 1880களில் அமெரிக்கச் சிகரெட் நிறுவனங்கள், பெட்டி நசுங்காமல் இருக்கச் செருகிய அட்டையில் பேஸ்பால் ஆட்டக்காரர்கள், நடிகையர் ஆகியோரின் படங்களை அச்சிட்டன. அவற்றைத் தொகுதி தொகுதியாகச் சேர்க்கும் பழக்கம் பரவியது.

போருக்குப் பிந்திய ஜப்பானில் இதே உத்தி கேரமல் மிட்டாய்க்கு வந்தது. மிட்டாய்ப் பெட்டிக்குள் பேஸ்பால் ஆட்டக்காரர் ஒருவரின் படச்சீட்டு இருக்கும். அணி முழுவதையும் சேர்த்து அனுப்பினால் பரிசு. பிள்ளைகள் மிட்டாய்க்காக அன்றிச் சீட்டுக்காக வாங்கினர். வெவ்வேறு சீட்டுகளைச் சேர்த்து முழுமையாக்கினால்தான் பரிசு என்னும் இம்முறை பிள்ளைகளை ஏமாற்றக் கூடியது எனக் கருதிய ஜப்பானிய அரசு, 1962ஆம் ஆண்டின் பரிசுப் பொருள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட விதியால் அதனைத் தடை செய்தது. 'படம் பொருத்துதல்' என்பது அதற்கு வழங்கும் பெயர்.

1965இல் தோக்கியோவில் ரியூஸோ ஷிகேத்தா என்பவர் அமெரிக்காவின் மிட்டாய் இயந்திரத்தை மாற்றியமைத்து, நெகிழி உருண்டைக்குள் சிறு பொம்மையை வைத்து விற்கும் இயந்திரத்தை அறிமுகம் செய்தார். பத்து யென் நாணயத்தைப் போட்டுப் பிடியைத் திருகினால் ஓர் உருண்டை விழும். உள்ளே எந்தப் பொம்மை என்பது திறந்த பிறகே தெரியும். பிடியைத் திருகும்போது எழும் ஒலியால் அதற்குக் 'காச்சா காச்சா' என்ற பெயர் வந்தது. நம் மொழியில் சலசல, கலகல என்று வருவதைப் போன்ற ஒலிக்குறிப்புச் சொல்தான் அது. 1977இல் பண்டாய் நிறுவனம் இத்தொழிலில் இறங்கிய பின் இயந்திரங்கள் நாடெங்கும் பரவின. இன்று உலகெங்கும் இத்தகைய விற்பனை முறைக்குக் 'காச்சா' என்ற பெயரே வழங்குகிறது.

நம் நாட்டுக்கு இது புதிதா? இல்லை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மளிகைக் கடைகளில் முன்பு தொங்கிய 'தீக்கம்' அட்டையைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அட்டை முழுவதும் மடித்து ஒட்டிய சிறு சீட்டுகள். ஐந்து காசோ பத்துக் காசோ கொடுத்து ஒன்றைப் பிய்த்தால் உள்ளே ஓர் எண். அந்த எண்ணுக்குரிய பொம்மையோ மிட்டாயோ கிடைக்கும். மலாய் மொழியில் 'தீக்கம்' என்றால் குத்து என்று பொருள். கண்ணை மூடிக்கொண்டு எதையோ ஒன்றைக் குத்தி எடுப்பது என்ற கருத்து அதில் அடங்கியிருக்கிறது.

ஆனால், தீக்கம் அட்டைக்கு ஓர் எல்லை உண்டு. பெரிய பரிசு அட்டையின் மேலேயே கண்முன் தொங்கும். யாரோ ஒருவன் அதை எடுத்துவிட்டால் எல்லாருக்கும் தெரிந்துவிடும். சீட்டுகள் தீர்ந்தால் அட்டை தீர்ந்தது. கையில் இருக்கும் காசு தீர்ந்தாலும் ஆட்டம் முடிந்தது. கடைக்காரரும் அக்கம்பக்கத்தாரும் பார்த்துக்கொண்டிருந்தனர். கைப்பேசியில் இந்த எல்லைகள் எவையும் தாமாக இருப்பதில்லை.

2012: ஒரு பழைய விதி விழித்துக்கொண்டது

2004ஆம் ஆண்டு கொரியாவின் நெக்சான் நிறுவனம் தன் 'மேப்பிள் ஸ்டோரி' இணைய விளையாட்டின் ஜப்பானியப் பதிப்பில் காச்சா சீட்டுகளை விற்கத் தொடங்கியது. பொம்மை இயந்திரம் திரைக்குள் புகுந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கிரீ, டீ.என்.ஏ. ஆகிய ஜப்பானிய நிறுவனங்கள் கைப்பேசி விளையாட்டுகளில் இம்முறையைப் பெரும் வணிகமாக வளர்த்தன. பெயரைப் பார்த்து மரபணுவோடு தொடர்புடையது என எண்ண வேண்டா, இந்த டீ.என்.ஏ. ஓர் இணைய நிறுவனம்.

அவ்விளையாட்டுகளில் 'கம்ப்ளீட் காச்சா' என்றொரு வகை இருந்தது. குழுவில் உள்ள எல்லாச் சீட்டுகளையும் காச்சாவில் எடுத்து முழுமையாக்கினால்தான் அரிய பரிசு கிடைக்கும். பிள்ளைகள் பெற்றோரின் பணத்தை அளவின்றிச் செலவிட்ட செய்திகள் வெளிவந்தன. 2012ஆம் ஆண்டு மே மாதம், அம்முறை 1962ஆம் ஆண்டுச் சட்டத்தின் 'படம் பொருத்துதல்' விதிக்கு முரணானது என்று ஜப்பானின் நுகர்வோர் துறை அறிவித்தது. கேரமல் மிட்டாய்க்காக எழுதப்பட்ட விதி பல ஆண்டுகளுக்குப் பின் கைப்பேசிக்குப் பொருந்தியது! அச்செய்தி கசிந்ததும் கிரீ, டீ.என்.ஏ. நிறுவனங்களின் பங்கு விலை ஒரே நாளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சரிந்தது. 2012 ஜூலை 1 முதல் அவ்விதி கைப்பேசி விளையாட்டுகளுக்கும் செயற்படுத்தப்பட்டது.

அதே 2012 ஏப்ரலில், நிண்டெண்டோவின் தலைவராக இருந்த சத்தோரு இவாத்தா முதலீட்டாளர்களிடம் ஒரு கருத்தைத் தெளிவாகக் கூறினார். காச்சா முறையால் சிறிது காலம் மிகுந்த வருமானம் வரலாம்; ஆனால் வாடிக்கையாளருடனான உறவு நிலைக்காது; ஆகவே தம் நிறுவனம் அதில் இறங்கப்போவதில்லை என்பதே அதன் சாரம்.

ஆனால், தடை செய்யப்பட்டது முழுமையாக்கும் முறை மட்டுமே. தனித்தனியாக இழுக்கும் காச்சா தொடர்ந்தது. மலர்ச் சீட்டின் கதை நினைவுக்கு வருகிறதா? ஒரு முகம் மறைந்தது. இன்னொரு முகம் வந்தது.

2015 முதல் 2019 வரை

2015ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் நிண்டெண்டோவும் டீ.என்.ஏ.வும் கூட்டணி அமைத்துக் கைப்பேசி விளையாட்டுகளைச் செய்யப்போவதாக அறிவித்தன. அறிவித்தவர் இவாத்தாவே. அதே ஆண்டு ஜூலையில் அவர் நோயால் காலமானார்.

2016 டிசம்பரில் வந்த 'சூப்பர் மாரியோ ரன்' பழைய முறையையே பின்பற்றியது. சிறிது விளையாடிப் பார்க்கலாம். பிடித்திருந்தால் அமெரிக்காவில் 9.99 டாலர் ஒரே ஒரு முறை கொடுத்து முழுவதையும் பெறலாம். கோடிக்கணக்கானோர் பதிவிறக்கினர். எனினும், போதிய இலாபம் கிட்டவில்லை என்று நிறுவனமே பின்னர் கூறியது. 2017 பிப்ரவரியில் வந்த 'ஃபயர் எம்ப்ளம் ஹீரோஸ்' காச்சா முறையைக் கொண்டிருந்தது, பணம் கொட்டியது. விலையை வெளிப்படையாகச் சொன்ன விளையாட்டு வணிகத்தில் தோற்றது. விலையை மறைத்த விளையாட்டு வென்றது. இதில் நாமும் பொறுப்பேற்க வேண்டிய ஒரு பகுதி உண்டு. பத்து டாலர் விலை கேட்டால் 'இவ்வளவா?' என்று முகம் சுளிக்கிறோம். இலவசம் என்றால் வினா எழுப்பாமல் கொடுத்துவிடுகிறோம்.

2018 ஏப்ரலில் பெல்ஜியம் நாட்டின் சூதாட்ட ஆணையம், பணம் கொடுத்து வாங்கும் இத்தகைய மறைபொருள் பெட்டிகள் சில விளையாட்டுகளில் சூதாட்டமே என்று முடிவு கூறியது. 2019 ஆகஸ்டில் நிண்டெண்டோ தன் கைப்பேசி விளையாட்டுகள் இரண்டை அந்நாட்டிலிருந்து மீட்டுக்கொண்டது. அடுத்த மாதமே மற்ற நாடுகளில் பச்சைக் குழாயுடன் மாரியோ கார்ட் டூர் வெளியாகியது. குழாயோடு, மாதம் 4.99 டாலர் சந்தாவும் இருந்தது. வேகமான பந்தய வகை சந்தாதாரர்களுக்கே திறந்தது. நண்பர்களுடன் நேரடியாக விளையாடும் வசதியோ 2020 மார்ச்சு மாதத்தில்தான் வந்தது. இருவர் அருகருகே அமர்ந்து விளையாட வேண்டும் என்பதற்காகப் பிறந்த பந்தயம், கைப்பேசிக்கு வந்தபோது குழாயோடு வந்தது, கூட்டாளியோடு வரவில்லை.

வகுப்பறையில் ஒரு கணக்கு

சிங்கப்பூரின் 2022ஆம் ஆண்டுச் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்ட ஏற்பாட்டில், மறைபொருள் பெட்டிகளின் பரிசு மதிப்புக்கு 100 வெள்ளி வரம்பு வகுக்கப்பட்டது. கொரியாவில் 2024 மார்ச்சு முதல் விளையாட்டு நிறுவனங்கள் காச்சாவின் வாய்ப்பு விழுக்காட்டை வெளியிடுவது கட்டாயமாக்கப்பட்டது. அதற்குச் சற்று முன், 2024 சனவரியில், மேப்பிள் ஸ்டோரியின் வாய்ப்புகளைப் பயனருக்குத் தெரிவிக்காமல் மாற்றியதற்காக நெக்சான் நிறுவனத்துக்கு ஏறத்தாழ 1,160 கோடி வோன் தண்டம் விதிக்கப்பட்டது. சட்டங்கள் வேண்டும். ஆனால், விழுக்காட்டை எழுதி வைத்தால் மட்டும் போதாது. அதைப் படிக்கத் தெரிந்த பிள்ளையும் வேண்டும்.

என் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன், "ஒரு விழுக்காடு என்றால் நூறு தடவை இழுத்தால் கட்டாயம் வந்துவிடும், இல்லையா ஐயா?" என்று கேட்டான். பெரியவர்களும் அவ்வாறே எண்ணுகின்றனர். இழுக்கும் ஒவ்வொரு முறையும் வாய்ப்பு நூற்றில் ஒன்றாகவே இருந்தால், நூறு பேர் ஆளுக்கு நூறு முறை இழுத்த பின்னும் அவர்களில் ஏறத்தாழ 37 பேருக்கு அது கிடைத்திருக்காது. இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். ஆகவே, செய்தே காட்டினேன்.

பழைய மைலோ டின்னில் பத்து ஓட்டுநர்களின் பெயர் எழுதிய பத்துச் சீட்டுகளைப் போட்டேன். குழுவாக ஒரு சீட்டை எடுத்துப் பெயரைக் குறித்துக்கொண்டு மீண்டும் டின்னுக்குள் போட வேண்டும். பத்துப் பெயர்களும் வந்து முடிய எத்தனை முறை எடுத்தனர் என்று எண்ண வேண்டும். ஒரு குழுவுக்கு 17 முறையில் முடிந்தது. இன்னொரு குழுவுக்கு 46 முறை ஆயிற்று. கணக்குப்படி சராசரி ஏறத்தாழ 29.

அதில் மறைந்திருக்கும் உண்மை இதுதான். முதல் ஐந்து பெயர்கள் சராசரியாக ஆறேழு முறையிலேயே வந்துவிடும். பிள்ளைக்கு நம்பிக்கை பிறக்கும். ஒன்பதாவது பெயருக்குச் சராசரியாக 5 முறை. பத்தாவதற்கு மட்டும் 10 முறை. ஆக, மொத்த முயற்சியில் பாதி கடைசி இரண்டு பெயர்களுக்கே போய்விடுகிறது. 'இன்னும் ஒன்றுதான் பாக்கி' என்று பிள்ளை சொல்லும் இடம் முடிவு அன்று. செலவு மிகுந்த பகுதி அங்கேதான் தொடங்குகிறது. மிட்டாய்ச் சீட்டு விற்றவர் முதல் கம்ப்ளீட் காச்சா நடத்தியவர் வரை எல்லாரும் அறிந்திருந்த கணக்கு இது. பத்தும் ஒரே அளவு அரியவையாக இருந்தாலே இந்நிலை. சிலவற்றை வேண்டுமென்றே அரியதாக்கிவிட்டால் எண்ணிப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை புதியவை சேர்ந்துகொண்டே இருந்தால், சேர்த்து முடிக்கும் நாள் வரவே வராது.

குழாய் மூடப்பட்டது

2022ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நிண்டெண்டோ அந்தப் பச்சைக் குழாயை நீக்கியது. அதற்கு மாற்றாக ஒரு கடை வந்தது. எந்த ஓட்டுநர் வேண்டுமோ அவரைப் பார்த்து, இத்தனை மாணிக்கக் கற்கள் என்று அறிந்து, நேரடியாக வாங்கலாம். கல் என்னும் திரை இன்னும் இருக்கிறது. ஆனால், கண்ணை மூடிக் குத்தி எடுக்கும் நிலை மறைந்தது.

2023ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு வழக்குப் பற்றிய செய்தி வெளிவந்தது. தந்தையின் கடனட்டை வழியாக இவ்விளையாட்டில் 170 டாலருக்கு மேல் செலவிட்ட சிறுவர் ஒருவரின் சார்பில் அவ்வழக்குத் தொடுக்கப்பட்டிருந்தது. குழாய் நீக்கப்பட்ட பின்னும் அது தின்ற பணத்தைப் பற்றிய வினா நின்றது. 2023 அக்டோபர் 4க்குப் பிறகு இவ்விளையாட்டில் புதிய பாதைகளோ ஓட்டுநர்களோ சேர்க்கப்பட மாட்டார்கள் என்றும், பழைய சுற்றுகளே திரும்பத் திரும்ப வரும் என்றும் நிறுவனம் அறிவித்தது.

இன்னொரு நிகழ்வையும் குறிப்பிட வேண்டும். கைப்பேசி விளையாட்டுக்காக உருவாக்கப்பட்ட நகரப் பாதைகள் பல, 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் 'மாரியோ கார்ட் 8 டீலக்ஸ்' விளையாட்டுக்கு மாற்றப்பட்டன. மெர்லையன் சிலையும் மெரினா பே சேண்ட்சும் வரும் சிங்கப்பூர்ப் பாதையும் அவற்றுள் ஒன்று. 2023 மார்ச்சில் அது சேர்ந்தது. மொத்தம் 48 பாதைகள். அமெரிக்க விலை 24.99 டாலர், ஒரே ஒரு முறை கொடுத்தால் போதும். பொருள் ஏறத்தாழ அதேதான். ஒன்று விலையைச் சொல்லி விற்கப்பட்டது. மற்றொன்று விலையை மறைத்து விற்கப்பட்டது. நிண்டெண்டோ 2025 ஜூனில் வெளியிட்ட 'மாரியோ கார்ட் வேர்ல்டு' விளையாட்டிலும் காச்சா குழாய் இல்லை. ஆகவே, பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி தருவதற்குக் குழாய் இன்றியமையாதது என்று எவரும் வாதிட முடியாது.

நாம் செய்யக்கூடியது

திருக்குறளில் சூது என்பது 94ஆம் அதிகாரம். அதை வள்ளுவர் பொருட்பாலில் வைத்தார். சூதைத் தனிமனிதனின் தீயொழுக்கமாக மட்டும் பார்க்காமல், பொருளும் வாழ்வும் அழியும் வழியாகவும் அவர் கண்டார் என்றே நான் கொள்கிறேன். நாமும் அப்படியே பார்த்தல் நலம். 'கெட்ட பிள்ளை' என்று திட்டுவதால் பயனில்லை. அப்பிள்ளையின் எதிரே இருப்பது நூற்றாண்டுக்கு மேல் தீட்டித் தீட்டிக் கூர்மையாக்கப்பட்ட ஒரு வணிக உத்தி. அதை எதிர்கொள்ளத் தேவையானது அறிவு.

நான் என் மாணவர்களுக்கு மூன்று வினாக்களைக் கற்பித்து வருகிறேன். இவ்விளையாட்டில் நான் வாங்கப்போவது எது என்று எனக்கு முன்கூட்டியே தெரியுமா? அதன் விலையைக் கல்லிலோ காசிலோ அன்றி ரிங்கிட்டில் சொல்ல முடியுமா? இன்று வாங்கியது அடுத்த மாதமும் எனக்குப் பயன்படுமா? மூன்றில் ஒன்றுக்கு 'இல்லை' என்ற விடை வந்தாலும், அப்பா அம்மாவிடம் கேட்காமல் தொடக்கூடாது.

பெற்றோர்களே, உங்கள் கடனட்டை எண்ணைப் பிள்ளையின் கைப்பேசியில் பதிந்து வைக்காதீர்கள். அதைவிட முதன்மையானது ஒன்று உண்டு. ஒரு நாள் மாலையில் பிள்ளையின் அருகில் அமர்ந்து, அவன் எதைச் சேர்க்கிறான், எத்தனை சேர்ந்தது, எத்தனை பாக்கி என்று கேளுங்கள். பத்துச் சீட்டும் ஒரு பழைய டின்னும் இருந்தால் மீதிப் பாடத்தை வீட்டிலேயே நடத்திவிடலாம்.